சேட்டு மாத்திப்போட்டு வா

என் அக்காவுக்கு அழுகை வரவில்லை. பெற்ற பிள்ளை செத்துப்போன செய்தி வந்து, வீடு முழுக்கச் சனம் நிறைந்து, வந்தவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் சோபாவின் ஓரத்தில் காய்ந்த கண்ணோடு இருந்தாள். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் தாயின் அழுகையைப் பார்த்துத்தான் தங்களுடைய அழுகையைத் தொடங்குவார்கள். தாய் அழாவிட்டால் அவர்களுக்குக் கைகால் ஓடுவதில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தேத்தண்ணி இருக்கிற பக்கமாக மெல்ல நகர்ந்துவிடுவார்கள்.

அதிர்ச்சி என்றார்கள் சிலர். டொக்டர் மருந்து கொடுத்திருப்பார் என்றார்கள் வேறு சிலர். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கமுடியாமல் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்துக்கு எத்தனை கோப்பை உடையாமல் தப்பியது என்பதே பெரிய அதிசயம்.

அக்காவின் பெயர் புஷ்பராணி. அத்தான் யோகேந்திரன் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். புரோசார்டில் சொந்த வீடு. ஒரே பிள்ளை மதுஷன். நான் அஜந்தா, அக்காவுக்கு இளையவள். மொன்றியலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. நாள் முழுக்கப் பிரெஞ்சிலே பாடி, பிரெஞ்சிலே அதட்டி, பிரெஞ்சிலே மூக்குத் துடைத்துவிடுகிறவள். அந்த வேலை செய்கிறவளுக்கு நிறையப் பொறுமை இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இருக்கிறது முழுவதும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருப்பதில்லை.

மதுஷன் டவுன்டவுனில் பொறியியல் படித்தான். படித்த படிப்புக்கு ஏற்ற வேலையும் கிடைத்தது. ஒரு வருடம் போய்வந்தான். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, மேசைக்கு முன்னால் இருந்தால் மூச்சு முட்டுகிறது சித்தி என்றான். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்கிற விசா ஒன்றை எடுத்து, ஒரு பெரிய சிவப்பு முதுகுப் பையை வாங்கினான். அவுஸ்திரேலியாவுக்குப் போய் சில மாதம் தோட்டங்களில் பழம் ஆய்வது, அந்தச் சம்பளத்தில் கொஞ்சம் ஊர் பார்ப்பது, கை வெறுமையானதும் அடுத்த தோட்டம் தேடிப் போவது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் செய்வதுதான். அவர்களுடைய தாய்தகப்பன் அதைப் படம் பிடித்துப் போட்டுப் பெருமைப்படுவார்கள். நம்முடைய வீட்டில் அது நடக்குமா? படித்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறானே என்று அக்கா ஒரு கிழமை சமைக்கவில்லை. அவனை வழியனுப்ப விமான நிலையத்துக்கும் போகவில்லை. அத்தான்தான் ஏற்றிக்கொண்டு போனார். அவர் நேரத்துக்கு வெளிக்கிட்டும், விமானம் தவறிவிடுகிற நிலையில்தான் போய்ச் சேர்ந்தார்களாம். பாலத்தில் நெரிசல் என்று சொன்னார்.

பொய் தொடங்கியது ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில். லவாலில் பெரிய மண்டபம். எங்கள் மேசையில் கர்க்லாண்டிலிருந்து வந்த ஒரு டொக்டரின் மனைவி இருந்தாள். தன் பிள்ளைகள் படிக்கிற படிப்பை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, உங்கள் மகன் இப்போது எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அக்கா அவுஸ்திரேலியா என்றாள். அங்கே என்ன செய்கிறார்? விவசாயம் என்று அக்காவின் வாய் சொல்லிவிட்டது. டொக்டரின் மனைவியின் புருவம் கொஞ்சம் ஏறியது. அந்தப் புருவம் இறங்குவதற்குள், "ஆராய்ச்சி" என்று ஒரு சொல்லை அக்கா சேர்த்துவிட்டாள். ஐஸ்கிரீம் வந்தபோது அது பிஎச்டி ஆகியிருந்தது. காருக்குள் ஏறியதும் நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அத்தான் காரை எடுத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் விருந்தினர் இருக்கும்போது மதுஷன் வீடியோவில் வந்துவிட்டான். முகம் முழுக்கப் புழுதி. தலையில் ஓரம் கிழிந்த தொப்பி. பின்னால் ஒரு உழவு இயந்திரம். அக்கா அந்த நிமிடமே போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் போனபின் அவனைத் திரும்ப எடுத்துச் சொன்னாள்:

"இனி வீடியோவிலை வாறதெண்டா சேட்டு மாத்திப்போட்டு வா. பின்னாலை வெள்ளைச் சுவர் ஏதும் இருந்தா அதுக்கு முன்னாலை நில்லு. ஆரும் பக்கத்திலை இருப்பினம்."

அவன் ஓம் அம்மா என்றான். சொன்னபடியே செய்தான். யாரிடமோ இரவல் வாங்கிய கசங்கின வெள்ளைச் சேட்டு, தங்கியிருந்த விடுதியின் குளியலறைச் சுவர். கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பவன்போல நிற்பான். சாப்பிட்டியே, ஓம். நித்திரை கொள்ளுறியே, ஓம். குளிரோ, இல்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவன் வேறு என்னத்தைக் கதைப்பான்? கிழமைக்கு ஒருமுறை வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு நாள்பெருநாளுக்கு வந்தான். பொங்கலுக்கு வந்தது கடைசி.

தை மாதம் முடிவதற்குள் செய்தி வந்தது. தஸ்மேனியாவில் செரிப்பழத் தோட்டம். விடியப்புறம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வான், மலைப்பாதையில் சறுக்கி உருண்டுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். மதுஷன் முன்சீட்டில் இருந்தான்.

மரண அறிவித்தல் எழுத அருமைராசா அண்ணை வந்தார். மொன்றியலில் எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் அவர்தான் எழுதுவார். நல்ல மனிதர். ஆனால் செத்தவரைச் செத்தபடி விடமாட்டார். டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்தவர் வர்த்தகப் பிரமுகர் ஆவார். கோயிலில் ஒருமுறை மைக்கைப் பிடித்தவர் இசைச்செல்வர் ஆவார். இதில் யாருக்கும் நட்டமில்லை. செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. பிறப்பிடம் மொன்றியல் என்று எழுதினார். வதிவிடம் என்ன என்று கேட்டார். வானும் கூடாரமும் விடுதிக் கட்டிலுமாகத் திரிந்த பிள்ளைக்கு எதை வதிவிடம் என்று சொல்வது? அவுஸ்திரேலியா என்று போடச் சொன்னாள் அக்கா. அங்கே என்ன செய்துகொண்டிருந்தவர் என்று அடுத்த கேள்வி. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ஆராய்ச்சி என்றாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைக் கண்டுவிட்டு மூடிக்கொண்டார்.

அருமைராசா அண்ணைக்கு வெறும் ஆராய்ச்சி போதவில்லை. பின்னேரம் என் போனுக்கே அது வந்தது. "இளம் விவசாய விஞ்ஞானி மதுஷன் யோகேந்திரன்." லண்டன், பரிஸ், ரொறன்ரோ என்று எங்கள் சனம் இருக்கிற இடமெல்லாம் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

உடல் வந்துசேரும்வரை ஒவ்வொரு நாளும் சனம் வந்தது. வாசலில் பனிச் சப்பாத்துகள் மலைபோலக் கிடந்தன. வந்தவர்கள் அழுதார்கள், அதில் குறை சொல்லமுடியாது. இருந்திருந்தால் என்னென்ன கண்டுபிடித்திருப்பான் என்று அழுதார்கள். தமிழினத்துக்கே இழப்பு என்று அழுதார்கள். வன்னியில் தண்ணீர் இல்லாமலே விளைகிற நெல்லை அவன் கண்டுபிடிக்கிற கட்டத்தில் இருந்தான் என்று ஒருவர் எனக்கே விளக்கினார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர்ச்சங்கத்தின் செயலாளர் வசீகரன், விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்கு வருடா வருடம் மதுஷன் பெயரில் ஒரு பரிசு கொடுக்கத் தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள்.

அன்று அவள், நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அஜந்தா, இவை ஆருக்காக அழுகினம்?"

நான் குழாயைப் பூட்டினேன்.

"என்ரை பிள்ளைக்காக ஒருத்தரும் அழேல்லை. இது வேறை ஆரோ ஒரு பெடியன். நானும் இவையோடை சேந்து அவனுக்காக அழவோ?"

அப்படியென்றால் உண்மையைச் சொல்லிவிடு அக்கா என்றேன். கோபத்தில் கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"இப்ப சொன்னா, பொய்க்காரியின்ரை பிள்ளை எண்டெல்லோ அவனை எரிப்பினம்."

அவளைக் கட்டிப்பிடித்து நானாவது அழுதிருக்கலாம். ஆனால் எனக்கும் வரவில்லை. அவ்வளவு எரிச்சல் எனக்கு அவளிலும் இருந்தது, அந்தச் சனத்திலும் இருந்தது.

உடல் வந்துசேர்ந்த அடுத்த நாள் அக்னெஸ் வந்தாள். இதே மாகாணத்தின் கிழக்குக் கரையில், கஸ்பே பக்கத்துப் பிரெஞ்சுக்காரப் பெண். மதுஷனோடு அதே தோட்டத்தில் வேலை செய்தவள். அதே வானில் பின்னால் இருந்தவள். ஒரு கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. வெயிலில் எரிந்த மூக்கு தோலுரிந்துகொண்டிருந்தது. மற்றத் தோளில் அந்தச் சிவப்புப் பை. அதை ஒற்றைக் கையோடு தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறாள். சப்பாத்துக் குவியலில் தன்னுடையதையும் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அக்காவுக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்து, அவளை ஒரு கையால் கட்டிக்கொண்டாள். அக்கா மரக்கட்டைபோல இருந்தாள்.

அக்காவுக்குப் பிரெஞ்சு ஓடாது. வந்த நாள் முதல் தமிழ்ப் பெண்களோடு தையல் தொழிற்சாலையில் இருந்தவள். பொஞ்சூரும் மெர்சியும் தாண்டினால் நான்தான் அவளுக்கு வாய். என் கையை இழுத்துக் காதுக்குள் சொன்னாள்:

"அவள் என்ன சொன்னாலும் நீ யூனிவர்சிட்டி எண்டு சொல்லு."

சொன்னேன். அக்னெஸ் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கதைத்தாள். மதுஷன் முதல் கிழமை எல்லாரையும்விட மோசமாகப் பழம் ஆய்ந்தானாம். செரிப்பழத்தைக் காம்போடு திருகி எடுக்கவேண்டும். இவன் காம்பை மரத்திலேயே விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் பிடுங்கி ஏச்சு வாங்குவானாம். ஆராய்ச்சிக்கூடத்தில் தொடக்கத்தில் கொஞ்சம் கஷ்டப்பட்டவனாம் என்றேன் நான். ஏணியில் ஏறிநின்று, விளங்காத தமிழ்ப் பாட்டுகளைத் தோட்டம் முழுக்கக் கேட்கப் பாடுவானாம். எல்லாரோடும் நல்ல மாதிரிப் பழகுவானாம் என்றேன். மழை விட்டதும் பழம் வெடிக்காமல் இருக்க மரங்களுக்கு மேலே ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டு ஈரத்தைக் காயவைப்பார்களாம். அந்தக் காற்றுக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு நின்று ஆடுவானாம். பெரிய பெரிய இயந்திரமெல்லாம் வைத்து ஆராய்ச்சி செய்தவையாம் என்றேன். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். வசீகரன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சுவரோரத்தைப் பார்த்தேன். பெரியவர்களோடு வந்த பிள்ளைகள் அங்கே வரிசையாக இருந்து போனைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மதுஷனோடு விளையாடினவர்கள், அவனுக்கு இளையவர்கள். எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாகாணத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்காத எங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது? தமிழைவிட அவர்களுக்கு அதுதான் நன்றாக விளங்கும். இதை அக்காவும் மறந்தாள். பிரெஞ்சிலேயே சாப்பாடு தேடுகிற நானும் மறந்தேன். அக்னெஸ் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும்கூட.

ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை முழங்காலில் முகத்தை வைத்து விம்மத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெடியன் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினான். அந்த வீட்டில் மதுஷனுக்காக விழுந்த முதல் கண்ணீர் அதுதான். அக்காவும் அதைப் பார்த்தாள்.

அக்னெஸ் நிறுத்தவில்லை. அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். நிலக்கீழ் அறைப் படிக்கட்டின் தலைப்பில் அத்தான் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும். தட்டிலிருந்த கோப்பைகள் மெல்ல ஆடிச் சத்தம் போட்டன.

சனம் கலைந்தபிறகு அக்கா என்னைக் குசினிக்குள் மறித்தாள். பப்பா, பப்பா என்று அந்தப் பெண் பலமுறை சொன்னாளே, அது என்ன என்று கேட்டாள். இனிப் பொய் சொல்ல என் வாய் இடம் தரவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

அத்தான் அகதியாக வந்த புதிதில் தோட்ட வேலை செய்திருக்கிறார். விடியமுன் மெட்ரோ வாசலில் வான் வந்து ஆட்களை ஏற்றும். சென்-ரெமி பக்கத்து வயல்களில் புரொக்கொலியும் வெள்ளரிக்காயும் வெட்டிய கை அது. ஊருக்குக் கொம்பனி வேலை என்று எழுதினார். அதை நம்பித்தான் எங்கள் வீட்டில் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா வந்தபோது அவர் பாண் தொழிற்சாலைக்கு மாறிவிட்டார். அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. மதுஷனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோன அன்றுதான் எடுத்திருக்கிறார். பாலத்தில் நெரிசல் ஒன்றும் இல்லை. சுற்றிப்போய் ஒரு வயலோரம் காரை நிறுத்தி, இங்கேதான் என்று மகனுக்குக் காட்டியிருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும், கோடையில் கார் கழுவப்போவதாகவும் மாரியில் பனி தட்டப்போவதாகவும் சொல்லிவிட்டு, கராஜுக்குள் நின்று அவனோடு கதைத்திருக்கிறார். அங்கே அப்போது ஞாயிறு காலை. மணிக்கட்டைத் துணியால் சுற்றிக்கொள், தொப்பிக்குக் கீழே ஈரத்துணி வை, முதுகை வளைக்காமல் இடுப்பால் குனி. இதெல்லாம் அப்பா சொல்லித்தந்தது என்று அவன் தோட்டத்தில் எல்லாருக்கும் செய்துகாட்டுவானாம். அவனுக்கு அதில் அவ்வளவு பெருமையாம்.

அக்கா குசினி மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அப்ப எல்லாருக்கும் அவன் அவனாத்தான் இருந்திருக்கிறான். எனக்கு மட்டும்தான் சுவருக்கு முன்னாலை நிண்டவன்."

அத்தானிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கராஜிலேயே இருந்தார்.

மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்த நாள், கதவு திறக்கமுன் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே விட்டார்கள். அக்கா, அத்தான், நான். அக்னெஸையும் நான் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தார்கள்.

அவனுக்குக் கறுத்தக் கோட்டும் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார்கள். உடுப்பைக் கொடுத்தது அக்காதான். முகத்துக்குப் பவுடர் பூசிப் பூசி இரண்டு மூன்று நிறம் வெளுக்கவைத்திருந்தார்கள். தலை பக்கவாட்டில் வகிடெடுத்து வாரியிருந்தது. நகங்களுக்குள் ஒரு துளி அழுக்கு இல்லை. பெட்டியின் உள்பக்கம் வெள்ளைத் துணி. ஒரு இளம் விஞ்ஞானியை அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருந்தார்கள். அக்கா ஒன்றரை வருடமாகச் சொல்லிச் சொல்லி உண்டாக்கின பிள்ளை, கடைசியில் சேட்டு மாற்றிக்கொண்டு வெள்ளைக்கு முன்னால் வந்து படுத்திருந்தது.

அக்கா நெடுநேரம் பார்த்தாள். தொடவில்லை. பிறகு திரும்பாமலே கையை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை போனைத் தாங்கோ."

அத்தான் கோட்டுப் பைக்குள் தேடி எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி ஒன்றைத் திறந்துகொடுத்தார். அவன் அனுப்பிய வீடியோ. நானும் அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

வரிசை வரிசையாக மரம். கண் கூசுகிற வெயில். நெஞ்சோடு கட்டின வாளி நிறையச் செரிப்பழம். மதுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கரிக்கட்டிபோலக் கறுத்திருக்கிறான், பல் மட்டும் வெள்ளை. விரலெல்லாம் பழச்சாற்றில் சிவந்திருக்கிறது. மணிக்கட்டில் சுற்றின துணியைத் தூக்கிக் காட்டுகிறான். "அப்பா, பாருங்கோ, நீங்கள் சொன்ன மாதிரியே சுத்தியிருக்கிறன்" என்கிறான். பின்னாலிருந்து யாரோ அவன்மேல் ஒரு பழத்தை எறிகிறார்கள். திரும்பிப் பார்த்துப் பிரெஞ்சில் ஏசிவிட்டுச் சிரிக்கிறான். முடியப்போகிற இடத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுவருகிறான்.

"அம்மாட்டைக் காட்டாதேங்கோ அப்பா. சேட்டு மாத்தேல்லை."

அத்தோடு வீடியோ நின்றது. அக்கா அதைத் திரும்பப் போட்டாள். அவன் திரும்பச் சிரித்தான். அக்கா போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைக் கேட்கிறதுபோல, கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள்:

"ஏனடா இப்பிடிக் கறுத்துப்போனாய்?"

கேட்டு முடிந்ததும், நானும் அக்னெஸும் பிடிப்பதற்குள் பெட்டியோரத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை நாள் அடைத்துக்கிடந்தது எல்லாம் அதோடு வந்தது. கறுத்துப்போனியேடா, காய்ஞ்சுபோனியேடா, அம்மா பாக்கேல்லையேடா என்று தலையிலடித்து அழுதாள். அத்தான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

கதவைத் திறந்து சனத்தை விட்டபோதும் அவள் நிறுத்தவில்லை. வந்தவர்கள் எல்லாரும் திகைத்துப்போய் நின்றார்கள். அருமைராசா அண்ணை மைக்குக்குப் பக்கத்தில் நின்று, கையில் எழுதிவைத்திருந்ததை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"விஞ்ஞானி எண்டு வாசிக்கவேண்டாம் அண்ணை. மகன் தோட்டத்திலை பழம் ஆய்ஞ்சவன். நானும் இஞ்சை அந்த வேலைதான் செய்தனான்."

மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்க அது கேட்டது. அருமைராசா அண்ணை கடதாசியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். எதை விட்டு எதை வாசிப்பதென்று தெரியாமல் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வசீகரன் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ குசுகுசுத்தார். அந்தப் பரிசைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த சனமும் பாதிக்குப் பாதிதான். இருந்தாலும் அன்று மலர்ச்சாலையில், சுவரோரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சிவப்புப் பைக்குள் இருந்து அக்னெஸ் எடுத்துக்கொடுத்த ஓரம் கிழிந்த தொப்பியை, அக்கா அவனுடைய நெஞ்சில் வைத்தாள்.

எரியூட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோகுமுன் கொஞ்ச நேரம் இருந்தது. அக்கா அக்னெஸைப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய கட்டுப்போடாத கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னாள். என்ன சமைத்துச் சாப்பிட்டவன். மழைக்குள் எங்கே படுத்தவன். என்ன பாட்டுப் பாடினவன். நான் கேட்டேன். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அக்காவுக்குச் சொன்னேன்.

ஆட்கள் பெட்டியை மூட வந்தார்கள். அத்தானை எரியூட்டுகிற பொத்தானை அழுத்த வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா எழும்பவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"வெய்யிலுக்கை நிண்டவனெல்லோ. தண்ணி குடிச்சவனோ எண்டு கேள்."

கேட்டேன். குடித்தவன் என்று அக்னெஸ் சொன்னாள்.